கணக்கில் வராத மாத்திரை

போன வாரம் உங்கள் வண்டியில் ஏறினேன் அப்பா. பள்ளியிலிருந்து வரும் பேருந்து எமரால்டு தாண்டியதும் புகையைக் கக்கிவிட்டுப் படுத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு நடந்தவளைப் பார்த்து முருகேசன் மாமா பிக்கப்பை நிறுத்தினார். நீங்கள் போன பிறகு இலை வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். இத்தலார் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுவது, திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வருவது என்று எல்லாம் நீங்கள் செய்த அதே ஓட்டம்தான்.

கிழிந்த மூட்டை ஒன்றை மழைக்குப் பயந்து உள்ளேயே, என் காலடியில் வைத்திருந்தார். அது எப்படியோ நனைந்துவிட்டிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கியது.

“ஏன் கண்ணு, அழுகறயா?”

“இல்லீங் மாமா. யூரியா.”

“யூரியாவுக்கு எதுக்குச் சாமி அழுகறே? வெல ஏறிப்போச்சுன்னு நானல்ல அழுகோணும்.”

சிரித்துவிட்டேன். ஆனால் ஊடு வந்து சேரும்வரை அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. அதில் பாதிதான் யூரியா.

அந்த வாடைக்குக் காரணம் இப்போது எனக்குத் தெரியும். யூரியா ஈரத்தில் கிடந்தால், மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். உடைப்பதற்கு அவற்றிடம் ஒரு நொதி உண்டு. நொதி என்றால் உயிர்கள் தமக்குள் செய்துவைத்திருக்கும் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கத்தரிக்கோலின் பெயர் யூரியேஸ். அதே கத்தரிக்கோல்தான் உங்கள் வயிற்றுக்குள்ளும் வெட்டிக்கொண்டிருந்தது. வெளியே நீங்கள் யூரியா மூட்டை சுமந்தீர்கள். உள்ளே இன்னொருவர் யூரியா உடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை.

உங்கள் வயிற்றை நாம் எத்தனை விதமாகக் கிண்டல் செய்திருக்கிறோம். ஊரில் மற்றவர்களுக்கு அடுத்தவனைப் பார்த்தால்தான் வயிறு எரியும், எங்கப்பாவுக்கு யாரையும் பார்க்காமலே எரியும் என்று நான் சொன்னதை நீங்களே இலை எடை போடும் கொட்டகையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பள்ளியில் என்மேல் எப்போதும் ஒரு கேஸ் நடக்கும். உங்கள் வயிற்றில் எப்போதும் ஒரு கேஸ் நடக்கும். இரண்டையும் விசாரிப்பது அம்மா. “அப்பனுக்கும் புள்ளைக்கும் கேஸ் பார்த்தே எனக்கு ஆயுசு போயிரும்” என்பாள்.

ஒருமுறை, சிலிண்டரோடு வந்த தாளில் இருந்த ‘எரிவாயு, தீப்பற்றும் அபாயம்’ என்ற வரியை வெட்டி உங்கள் ஸ்வெட்டரின் முதுகில் ஒட்டிவிட்டேன். நாள் முழுக்க அதோடு சுற்றிவிட்டு வந்தீர்கள். வாசலிலேயே நின்று சொன்னீர்கள்:

“அதான பார்த்தேன். அந்தப் போஜண்ணன் பீடிய வாயில வச்சுக்கிட்டு, ‘ஏனுங்க டிரைவரே, பக்கத்துல பத்தவைக்கலாமுங்களா’ன்னு கேட்டாரு. மரியாதைக்குக் கேக்கறாருன்னு நெனச்சுப்போட்டேன் அம்மிணி.”

அடுத்த நாளும் அதைப் பிய்க்காமல் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனீர்கள். அப்படி ஒரு ஆளிடம் யாரால் குறும்பு செய்யாமல் இருக்க முடியும்?

உங்கள் வண்டியில் கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைக்கும் தட்டில் எப்போதும் கேஸ் மாத்திரை அட்டை செருகியிருக்கும். காலையில் கருப்பு டீக்கு முன்னால் ஒன்று, எரிந்தால் நடுவில் ஒன்று. வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் தருவீர்கள். நம் ஊரில் அப்படித்தான். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவினால் ஒருவர் பாக்கு நீட்டுவார், இன்னொருவர் அந்த அட்டையை நீட்டுவார். மருந்துக் கடைக்காரரே சில்லறை இல்லாவிட்டால் மிட்டாய்க்குப் பதில் அதைக் கிள்ளித் தந்திருக்கிறார். தலைவலி மாத்திரைக்குக்கூட யோசிக்கிறவர்கள் இதற்கு யோசிப்பதில்லை. இது மாத்திரை என்ற கணக்கிலேயே வராது. உப்பு, சர்க்கரை, கேஸ் மாத்திரை, அவ்வளவுதான். “வயிறுங்கிறது ஒரு ஃபேக்டரி அம்மிணி, அதுக்கு எண்ணெ போடறேன்” என்பீர்கள்.

அப்புறம் எண்ணெய்க்கும் அடங்காமல் போனது. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று அம்மா உங்களைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வயிற்றில் ஒரு கிருமி இருக்கலாம், இரண்டு வாரத்துக்கு மாத்திரை மருந்து எல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். மூட்டு வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்றீர்கள். உண்மைதானே.

அந்த இரண்டு வாரமும் நீங்கள் இருந்த விரதத்தை யாரும் கோயிலுக்குக்கூட இருக்க மாட்டார்கள். முட்டி வீங்கிக் கிளட்ச் மிதிக்க முடியாமல் பல்லைக் கடித்தீர்கள், அந்த மாத்திரையைத் தொடவில்லை. சத்து மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தீர்கள். இருமல் வந்தபோது அம்மா போட்டுக்கொடுத்த கஷாயத்தைக்கூட “டாக்டர் வேண்டாம்னுட்டாரு புள்ள” என்று தள்ளிவைத்தீர்கள். சோதனைக்கு உங்களோடு நானும் வந்தேன். அறைக்குள் கூப்பிடும் முன் நர்ஸ் அக்கா கேட்டார்.

“மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சுங்களா?”

“எல்லாம் நிறுத்தியாச்சுங் சிஸ்டர். இனி நிறுத்தறதுக்கு மூச்சு ஒண்ணுதான் பாக்கி.”

அவர் சிரித்தார், நான் சிரித்தேன், உங்களுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த வயிற்றெரிச்சல்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குழாய் வழியாக வயிற்றுச் சதையில் துளி கிள்ளி எடுத்து ஒரு மஞ்சள் நிறக் கூழில் வைத்தார்கள். கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறுமாம். அது மாறவே இல்லை. புண் இருக்கிறது, கிருமி இல்லை என்றார்கள். புண் ஆற ஒன்றரை மாதத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். திரும்பி வரும் வழியில் வர்க்கி வாங்கி வண்டியிலேயே தின்றோம். சட்டை முழுக்கத் தூள். ‘கிருமியே உங்கள் வயிற்றில் குடியிருக்க மறுத்துவிட்டதே, வாடகை அதிகமா’ என்று நான் கேட்டேன். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

மாத்திரை இருக்கும்வரை நன்றாக இருந்தீர்கள். தீர்ந்ததும் எரிச்சல் திரும்பி வந்தது. மறுபடி போகச் சொன்னாள் அம்மா.

“டெஸ்ட்லயே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்களே. இது வெறுங் கேஸு.”

நாங்களும் நம்பினோம். சோதனை சொன்ன பிறகு யார் நம்ப மாட்டார்கள்? வண்டித் தட்டில் பழையபடி அட்டை ஏறியது. நானும் பழையபடி கிண்டல் செய்தேன்.

இலை அதிகமாக வரும் மாதம் அது. கொட்டகையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று தொலைபேசி வந்தது. வாந்தியில் ரத்தம். ஊட்டியில் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அம்மா மட்டும் ஏறினாள். பர்லியார் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக நீங்கள் பேசியது இலையைப் பற்றித்தான் என்று அம்மா சொன்னாள். “மூட்டையிலேயே கெடந்தா இலை வெந்துபோயிரும் புள்ள. முருகேசன வண்டிய எடுக்கச் சொல்லு.” அன்றைக்கு எடுத்த வண்டியைத்தான் அவர் இன்னும் ஓட்டுகிறார்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது தெரியாது.

மூன்று மாதம் முன்பு அம்மாவுக்கும் எரிச்சல் தொடங்கியது. அழுது அழுது சாப்பிடாததால் வந்தது என்று அக்கம்பக்கம் சொன்னது. நான் விடவில்லை, அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இந்த முறை வேறு ஒருவர், இளையவர். அதே குழாய், அதே இரண்டு வாரம். எழுந்து வெளியே வரப்போனோம். ஏதோ நினைவு வந்தவராகப் பின்னாலிருந்து சொன்னார்:

“கேஸ் மாத்திரையும் சேத்துத்தாங்க. அதப் போட்டுட்டு வந்தீங்கன்னா டெஸ்ட் பொய் சொல்லும்.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் ஏன் என்று கேட்டேன்.

“பயாலஜி குரூப்பா நீ? உக்காரு” என்று சொல்லிக்கொடுத்தார்.

வயிற்றில் ஊறுகிற அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காதாம். டெஸ்ட் தேடுகிற இந்தக் கிருமி பிழைக்கிறது. நம் உடம்பிலேயே கொஞ்சம் யூரியா ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கிருமி தன் நொதியால் அதை வெட்டி அம்மோனியா செய்கிறது. அம்மோனியா ஒரு காரம். அமிலத்தைக் காரம் அடக்கும் என்பது எனக்குப் பாடத்தில் வந்ததுதான். காரம் தின்றால் வயிறு எரியும் என்று அம்மா சொல்வது வேறு காரம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமில மழைக்கு நடுவே அம்மோனியாவைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றுச் சுவரின் வழவழப்பான படலத்தைத் துளைத்து இறங்கி, மழையே படாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அங்கிருந்து புண்ணாக்குகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கிருமியிடமிருந்து அந்த ஒரு நொதியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்களாம். வாலும் வேகமும் எல்லாம் இருந்தும் அதனால் வயிற்றில் குடியேற முடியவில்லையாம். குடை இல்லாவிட்டால் அது வெறும் கிருமி. குடை இருப்பதால்தான் அது நோய்.

மனதுக்குள் அதற்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டேன் அப்பா. சாக்பீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஆசிரியர் அறையில் யாரும் என்னைத் தடுப்பதில்லை. அந்த டப்பாவை மட்டும் பிடுங்கிவிட்டால் நான் வாசல் தாண்ட மாட்டேன். அந்த மாதிரி ஒரு திருடனை எனக்குப் புரியாமல் இருக்குமா?

மஞ்சள் கூழ் சோதனையும் அந்தக் குடையைத் தேடுவதுதான். கூழில் யூரியா இருக்கிறது. கிள்ளி வைத்த சதையில் கிருமி இருந்தால், நொதி அந்த யூரியாவை வெட்டும், அம்மோனியா வரும், நிறம் மாறும். கேஸ் மாத்திரை தின்றுகொண்டிருந்தால் கிருமிகள் கொஞ்சமாகிவிடும். மிச்சமும் இடம் மாறி மேலே போய் ஒளிந்துகொள்ளும். கிள்ளிய துளியில் நொதி போதாது. கூழ் மஞ்சளாகவே இருக்கும். அதற்கு அர்த்தம் கிருமி இல்லை என்பதல்ல, அன்றைக்கு அது வாயைத் திறக்கவில்லை என்பதுதான்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

“டெஸ்ட் அன்னைக்குக் காலையிலயும் போட்டாரு. நாந்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்.”

“நீ தண்ணிதானம்மா குடுத்தே.”

“வெறும் வயித்துல போகோணும்னு சொல்லியிருந்தாங்க. இதுக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கோங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

  திட்டவாவது யாராவது இருந்தால் தேவலை. நர்ஸ் அக்கா கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். நீங்கள் ஒளிக்கவில்லை, அவர் விட்டுவிடவில்லை. நம் மலையில் அவர் யாரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். போஜண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஊட்டுக்கு வந்ததும் அம்மா, தான் சோதனைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். கிருமிக்குச் சம்மன் அனுப்புவோம், கூண்டில் ஏற்றுவோம் என்று பழைய கேஸ் கதையெல்லாம் இழுத்துப் பார்த்தேன்.

“அப்பாவுக்குள்ள இருந்ததேதாம்மா உனக்குள்ளயும் இருக்கும். ஒரே ஊட்டுல ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வருமாம். அத எதுக்கு வச்சுக்கிட்டு இருக்கறே?”

“இருந்துட்டுப் போகட்டும். அவரோடது ஒண்ணாச்சும் இருக்கட்டும்.”

 இரண்டு நாள் அந்த ஊட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. மூன்றாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து வந்து மாத்திரை அட்டையை என் கையில் திணித்தாள். “போற வழியில எங்கயாச்சும் வீசிப்போடு. என்ற கண்ணுல படக் கூடாது.” எது அவள் மனதை மாற்றியது என்று நான் கேட்கவில்லை. நானும் போய்விட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். அல்லது உங்களால் விட முடியாததைத் தான் விட்டுக் காட்ட நினைத்திருக்கலாம்.

அந்த இரண்டு வாரம் அவள் பட்டது எனக்குத்தான் தெரியும். குனிந்து பெருக்கும்போது பாதியில் நிமிர்ந்து நெஞ்சைத் தேய்ப்பாள். சோற்றில் மோரை ஊற்றி மூன்று வாயோடு நிறுத்துவாள். 

சோதனை நாளில் நர்ஸ் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். அம்மா பதில் சொல்லும் முன் நான் முந்திக்கொண்டேன்: “கேஸ் மாத்திரையும் நிறுத்தியாச்சுங்க.” அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உங்களையும் நினைவிருக்காது. எத்தனை வயிறுகளைப் பார்த்திருப்பார்.

கேன்டீனில் வாங்கிய டீயைக் குடித்து முடிப்பதற்குள் கூப்பிட்டுக் கூழைக் காட்டினார்கள். நல்ல ரோஜா நிறம். கோயில் திருவிழாவில் விற்கிற பஞ்சு மிட்டாய் மாதிரி. பயப்பட வேண்டாம், மருந்து இருக்கிறது, இரண்டு வாரம் தவறாமல் சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினாள். நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இதே நிறம் வந்திருக்கும். இதே மருந்தை எழுதியிருப்பார்கள். இரண்டு வாரம் வாய் கசக்கிறது என்று புலம்பியிருப்பீர்கள். நான் அதற்கும் ஏதாவது சொல்லி வைத்திருப்பேன். அவ்வளவுதான் அப்பா. அவ்வளவு சின்ன தூரத்தில் நின்றிருக்கிறோம்.

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துக் கோயமுத்தூரில் அம்மாவை ஊதச் சொன்னார்கள். மூச்சை வைத்தே வயிற்றில் அந்த நொதி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். இத்தனை வருடம் வண்டி ஓட்டிய உங்களை எந்தப் போலீஸ்காரரும் ஊதச் சொன்னதில்லை, அம்மா ஊதிவிட்டாள். சுத்தமாகப் போய்விட்டது என்று முடிவு வந்தது. வெளியே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “போயிருச்சு” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கோயிலில், கடையில், வண்டியில் யாராவது வயிற்றைப் பிடித்தால் நான் போய் நிற்கிறேன். ‘டெஸ்டுக்குப் போறீங்களா, கேஸ் மாத்திரையையும் நிறுத்தணும்னு தெரியுமா?’ ‘அது எங்க கண்ணு மாத்திரை’ என்கிறார்கள். ‘டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி உடுங்கப்பா’ என்று ஓட்டுகிறார்கள். நான் ஓட்டிய ஓட்டுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. சிரிப்பு வராத கேள்வியாக ஒன்றை முதல்முறையாக வைத்திருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அம்மாவுக்கு மருந்து எழுதித் தந்த அன்று டாக்டரிடம் என்னைப் பற்றியும் கேட்டேன். ஒரே ஊட்டில் வளர்ந்தவள், உனக்கும் இருக்கலாம் என்றார். ஏகப்பட்ட பேருக்கு அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் ஆயுசு முழுக்கச் சும்மா இருந்துவிடுமாம். எரிச்சல், வலி எதுவும் இல்லாதபோது இப்போதைக்குப் பார்க்க வேண்டாம், வந்தால் வா என்றார். எனக்கு ஒன்றும் இல்லை அப்பா. நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் பச்சைத் தண்ணீர் குடிக்கும்போதுகூடச் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன், உங்களிடமிருந்து வந்தது எனக்குள் ஒரு மூலையில் இருக்கிறதோ என்று. நீங்களும் நானும் உங்கள் வலியை எடுத்து ஊருக்கே சிரிப்புக் காட்டினோம். அந்தச் சத்தத்தில் அது உண்மையில் எவ்வளவு வலித்தது என்று எனக்குக் கேட்கவே இல்லை.

எனக்கு எரிந்தால் உடனே சொல்லிவிடுவேன் அப்பா. சிரிக்காமல் சொல்வேன்.